ஆறாவது திருகாணி

மயில்வாகனத்தின் வலது தொடைக்குள் எட்டுத் திருகாணிகள் இருந்தன. ஏழு வாயைத் திறப்பதில்லை. ஆறாவது மட்டும் பேசிக்கொண்டே இருந்தது.

காலையில் தறிக்குழிக்குள் காலை இறக்கி மிதிகட்டையை முதல் மிதி மிதித்ததுமே அது ஆரம்பித்துவிடும். நூறு மிதிக்குள் குரலை உயர்த்தும். ஒரு முழம் நெய்து முடிப்பதற்குள் இடுப்பிலிருந்து முழங்கால் வரை யாரோ கொள்ளிக்கட்டையால் கோடு இழுத்த மாதிரி ஆகிவிடும். பட்டுப்புடவை ஒன்றுக்குப் பன்னிரண்டு முழம். மீதிப் பதினொன்றையும் மயில்வாகனம் பல்லைக் கடித்துக்கொண்டு நெய்தார். பிறகு பல்லும் வலிக்க ஆரம்பித்தது.

பட்டு கொடுத்து நெய்யச் சொல்லும் முதலாளி நல்லவர்தான். அதனால்தான் விஷயத்தை மென்மையாகச் சொன்னார்.

"தை பொறந்தா முகூர்த்தம் வந்துடும், மயிலு. அதுக்குள்ள கால் சரியாவலன்னா பாவு நூலை எடுத்து வேற தறிக்குக் குடுத்துடுவேன். கோச்சுக்காதபா."

அப்போது ஆனி மாதம். வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்று. ஆறு மாதத்துக்குள் ஒரே ஒரு திருகாணியைக் கழற்ற முடியாதா என்று மயில்வாகனம் நினைத்தார். அது கவர்ன்மெண்ட் திருகாணி என்பதை அந்த நிமிஷம் மறந்துவிட்டார்.

கதை இரண்டு வருஷம் முன்னால் ஓரிக்கை ரோட்டில் தொடங்கியது. சைக்கிள் கேரியரில் பாவைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு வந்தவர், எதிரே வந்த வைக்கோல் வண்டியில் மோதினார். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. பாவு நூலிலும் ஓர் இழை அறவில்லை. தொடை எலும்பு மட்டும் இரண்டாகப் போனது.

அந்தச் சமயம் பார்த்து ஊரில் ஓர் அலுவலகம் உடைந்த எலும்பு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தது.

அதன் பெயர் எலும்பு உலோக வளர்ச்சி மையம். ஊர்க்காரர்கள் சுருக்கமாக இரும்பாபீஸ் என்பார்கள். எலும்புக்குள் வைக்கும் தகட்டையும் திருகாணியையும் வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது நாட்டுக்குத் தலைகுனிவு என்று முடிவு செய்து, அதை நம் மண்ணிலேயே உருக்க ஏற்பட்ட மையம். அதைக் காஞ்சிபுரத்தில் ஏன் வைத்தார்கள் என்று கேட்டால், "சரிகை தெரிந்த ஊருக்கு உலோகம் தெரியாமலா போகும்?" என்று கால்கோள் விழாவில் ஒரு பெரிய மனிதர் கேட்டாராம். யாருக்கும் சட்டென்று பதில் தோன்றவில்லை. அதனால் கட்டடம் எழும்பிவிட்டது.

கோபால்ட், குரோமியம், கொஞ்சம் மாலிப்டினம் கலந்து நான்கு வருஷத்தில் நான்கு உலோகங்களை மையம் உருக்கியது. காஞ்சி-1 துருப்பிடித்தது. காஞ்சி-2 முறிந்தது. காஞ்சி-3இன் கோப்பு காணாமற் போனது. உலோகம் நன்றாக இருந்ததாகத்தான் சொல்கிறார்கள். காஞ்சி-4 எல்லாச் சோதனையும் தேறிவிட்டது. ஒரு மனிதன்தான் பாக்கி.

மயில்வாகனத்தை ஜீப்பில் வந்து பார்த்தார்கள். கழுத்தில் மாலை போட்டார்கள். வலியில் முனகிக்கொண்டிருந்தவரிடம் பதினேழு ஷரத்து கொண்ட ஒரு தாளில் கையெழுத்து வாங்கி, காஞ்சி-4 தகட்டை எட்டுத் திருகாணி போட்டு எலும்பில் முடுக்கினார்கள். எலும்பும் சேர்ந்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சேர்ந்து முடிந்த பிறகுதான் ஆறாவது பேச ஆரம்பித்தது.

பெரிய ஆஸ்பத்திரியின் இளம் சர்ஜன் உமாபதி எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"முதலியாரே, எலும்பு கல்லு மாதிரி கூடிடுச்சு. தகட்டுக்கு இனிமே உள்ள வேலை இல்ல. ஆனா ஆறாவது ஸ்க்ரூ தளந்து பின்னால நடந்து வந்துக்கினு இருக்குது. முழங்காலுக்கு மேல புளியங்கொட்டை மாதிரி முட்டிக்கினு இருக்குதே, அதான்."

"அப்ப எடுத்துடுங்க டாக்டர்."

"அரை மணி நேர வேலை. ஆனா ரெண்டு சங்கடம்."

முதல் சங்கடம் பதினோராவது ஷரத்து. ஐந்து வருஷச் சோதனைக் காலம் முடியும்வரை, மையத்தின் அனுமதி இல்லாமல் காஞ்சி-4ஐ யாரும் தொடக்கூடாது. இரண்டாவது சங்கடம் திருப்புளி. காஞ்சி-4 திருகாணியின் தலையில் இருப்பது சாதாரணக் கீறல் அல்ல, மூன்று மூலைப் பள்ளம். எந்த வெளிநாட்டுத் திருப்புளிக்கும் அது அடிபணியாது என்று மையத்தின் ஆண்டறிக்கை பெருமைப்பட்டிருந்தது. உள்நாட்டுத் திருப்புளிக்கும் அடிபணியாது என்பதை அறிக்கை சொல்லவில்லை. அதற்குப் பொருந்தும் திருப்புளி உலகத்திலேயே ஒன்றுதான். அது மையத்தின் வாசல் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வெல்வெட் மெத்தைமேல் படுத்திருந்தது.

"நாம எடுக்கலன்னா இன்னா டாக்டர் ஆவும்?"

"அதுவே தோலை அறுத்துக்கினு ஒரு நாள் வெளிய வந்துடும்" என்றார் உமாபதி. "அதுக்கு மட்டும் யார் அனுமதியும் வேணாம்."

மறுநாளே மயில்வாகனம் இரும்பாபீஸுக்குப் போனார். விந்தி விந்திப் போனார். மனைவி தில்லையம்மாளும் கூடப் போனாள். தறியில் இரண்டு பேருக்கும் ஒரே புடவைதான். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று சேர்த்து நெய்யும் கோர்வை வேலைக்கு இரண்டு பேர் வேண்டும்; கரை நூலைச் சுமக்கும் நாடாவைக் குறுக்கே எறிகிறவள் அவள். அவர் கால் நின்றால் அவள் கையும் நிற்கும்.

முதலில் இவர்களைத் துரு பிரிவுக்கு அனுப்பினார்கள். கதவில் 'துணை இயக்குநர் (துரு)' என்று பலகை. உள்ளே சம்பந்தம் உட்கார்ந்திருந்தார். அமைதியான மனுஷர். காஞ்சி-4இல் துரு பிடித்தால் மையத்தை மூடிவிடுவார்கள், துருவே பிடிக்காவிட்டால் அவருடைய பிரிவை மூடிவிடுவார்கள் என்ற நிலையில் இரண்டு வருஷமாக வாழ்ந்துகொண்டிருந்ததால் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அவர் ஒரு படிவத்தை எடுத்தார். அதில் ஒரே கேள்வி.

"துரு இருக்குதா?"

"வலி இருக்குது சார்."

"துரு?"

"உள்ள இருக்குது சார், நான் எப்டி பாக்கறது?"

"இல்லைன்னு போட்டுக்கறேன்" என்றார் சம்பந்தம், கொஞ்சம் ஏக்கத்தோடு. "வலி என் பிரிவு இல்லீங்க. மன்னிச்சுக்கணும்."

அடுத்து மெருகுப் பிரிவு. அங்கே இருந்தவர் பளபளப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார். வலி என்றதும், வலி மெருகைப் பாதிப்பதாக இதுவரை ஆதாரம் இல்லை என்று ஆறுதல் சொன்னார். அதற்கடுத்து இழுவைப் பிரிவு. அங்கே ஆள் இல்லை. பெரிய மரப்பெட்டி ஒன்று மட்டும் கூடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. உள்ளே இருப்பது இழுவைச் சோதனை இயந்திரம். ஐந்து வருஷம் முன்னால் வந்தது. பெட்டியைத் திறக்கக் கடப்பாறை கேட்டுக் கடிதம் போயிருந்தது.

ஆடி போனது. ஆவணி போனது. செவ்வாய், வெள்ளி தவறாமல் இருவரும் போனார்கள். வாசல் கூடத்துப் பெஞ்சு மயில்வாகனத்துக்கு மனப்பாடமாகிவிட்டது. இடது ஓரம் உட்கார்ந்தால் ஆணி குத்தும். வலது ஓரம் உட்கார்ந்தால் விசிறிக்காற்று வராது. நடுவில் எப்போதும் ஒரு கோப்பு உட்கார்ந்திருக்கும். எதிரே கண்ணாடிப் பெட்டியில் திருப்புளி படுத்திருக்கும். தில்லையம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"நமக்குப் படுக்கறதுக்குக் கோரைப்பாய். இதுக்கு மெத்தை பாருங்க" என்றாள் ஒரு நாள்.

"சும்மா இருமா. காதுல விழப்போவுது."

"விழட்டுமே. ஒரு திருப்புளியக் கூடத் திருப்பாத ஆபீசு."

புரட்டாசியில் இயக்குநர் டாக்டர் கோதண்டபாணி அழைத்தார். நோய்க்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் அல்ல, உலோகத்தில் பட்டம் வாங்கிய டாக்டர். மேஜையில் டெலிபோன், பின்சுவரில் வாழ்த்துமடல்கள். அவர் மயில்வாகனத்தை நேராகப் பார்க்காமல் தொடையைப் பார்த்துப் பேசினார்.

"காஞ்சி-4 தளராது. இது என் அபிப்பிராயம் இல்லை. அச்சடித்த விஷயம். வைத்த இடத்திலெல்லாம் நூற்றுக்கு நூறு வெற்றி."

"எத்தினி பேருக்கு சார் வச்சீங்க?"

"நூற்றுக்கு நூறு" என்றார் இயக்குநர் மறுபடியும். "நீங்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நோயாளி என்பவர் மாறிக்கொண்டே இருப்பவர். இன்றைக்கு வலிக்கிறது என்பார். நாளைக்கு அதிகம் வலிக்கிறது என்பார். வயதாகும். ஒரு நாள் ஆளே இல்லாமல் போவார். உலோகம் அப்படியா? வைத்தது வைத்தபடி இருக்கும். ஆராய்ச்சி என்று வந்துவிட்டால் நாங்கள் யாரை நம்புவது, சொல்லுங்கள்?"

மயில்வாகனத்துக்கு அது நியாயமாகவே பட்டது. அவ்வளவு களைத்துப் போயிருந்தார்.

"அப்ப அந்தத் திருப்புளிய மட்டுமாவது…"

"அது காட்சிப்பொருள். அதை எடுத்தால் பெட்டி காலியாகிவிடும்."

ஆனாலும் புகார் எழுத்தில் வந்துவிட்டதால் ஏதாவது செய்தாக வேண்டும். வலி மதிப்பீட்டுக் குழு என்று ஒன்று அமைந்தது. அது இரண்டு முறை கூடி, நெய்யும்போது வலிக்கிறது என்ற புகாரை நெய்ய வைத்துத்தான் சோதிக்க வேண்டும் என்று கண்டுபிடித்தது. சோதனை மையத்தின் வளாகத்துக்குள் நடக்க வேண்டும் என்பது விதி. அதாவது, மையத்துக்குள் ஒரு தறி போட வேண்டும்.

"எங்க ஊட்ல வந்து பாத்தா ஆவாதுங்களா? நாலு தெரு தள்ளிதான்" என்று கேட்டார் மயில்வாகனம்.

வீட்டில் நடக்கும் வலி வீட்டு வலி, அதை மையம் ஏற்க இயலாது என்று ஒன்பது நாள் கழித்து எழுத்தில் பதில் வந்தது.

கீழ்த்தளத்தில் மரப்பெட்டி நின்றதால் இடமில்லை. மாடியில் ஓர் அறை காலியாக இருந்தது. தறிக்கு என்னென்ன வேண்டும் என்று மயில்வாகனத்தையே பட்டியல் எழுதித் தரச் சொன்னார்கள். சட்டம், அச்சு, விழுது, நாடா என்று வரிசையாக எழுதியவர், வழக்கப்படி கடைசியில் 'குழி, ஆழம் இரண்டேகால் அடி' என்றும் எழுதிவிட்டார். பரம்பரைத் தறிக்காரன் குழியில்லாமல் தறி எழுதுவானா? மாடி என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. பட்டியல் ஆறு மேஜை ஏறி இறங்கி, ஆறு கையெழுத்தோடு கட்டட ஓவர்சியரிடம் போனது.

ஓவர்சியர் இயக்குநரிடம் வந்து தலையைச் சொறிந்தார்.

"சார், மாடில குழி வெட்டச் சொல்லிக்கீது. தரை கனமே அரையடிதான். கீழ உங்க ரூமு."

"உத்தரவில் என்ன ஆழம்?"

"ரெண்டேகால் அடி சார்."

"அதற்குக் குறையக்கூடாது" என்றார் இயக்குநர்.

குறையவில்லை. ஐப்பசி மழையோடு மழையாக மூன்று நாள் இடித்து வெட்டி முடித்தபோது குழியின் ஆழம் உத்தரவைவிட எட்டடி அதிகமாகவே இருந்தது. அதன் அடிப்பாகத்தில் இயக்குநரின் மேஜை தெரிந்தது. மேஜையை நகர்த்தலாம் என்றால் டெலிபோன் கம்பி நீளம் போதவில்லை. மிதிகட்டைகளை ஒரு சட்டத்தில் கட்டி, ஓட்டை வழியாக இயக்குநரின் தலைக்கு மேலே தொங்கவிட்டார்கள்.

கார்த்திகையில் நாள் குறித்தார்கள். தை பிறக்க ஒன்றரை மாதம் இருந்தது. புளியங்கொட்டை இப்போது நெல்லிக்காய் அளவுக்கு வீங்கிச் சிவந்து, மேல்தோல் வெங்காயச் சருகு மாதிரி ஆகியிருந்தது.

வாசலில் அடையாளச் சீட்டு எழுதினார்கள். மயில்வாகனத்தின் சீட்டில் 'காஞ்சி-4 (உள்ளே)' என்று எழுதியிருந்தது. தில்லையம்மாளின் சீட்டில் 'துணைக்கருவி'.

"இன்னா எழுதிக்கீறாங்க?" என்று கேட்டாள்.

"கூட வந்தவங்கன்னு" என்றார் மயில்வாகனம். இன்றைக்கு ஒரு நாளாவது சண்டை வேண்டாமே என்று நினைத்தார்.

கீழேயிருந்து பார்க்கிறவர்களின் மரியாதை கருதி வேட்டியை வாங்கி வைத்துக்கொண்டு காக்கி அரைநிஜார் ஒன்றைக் கொடுத்தார்கள். தறிக்குப் பூசை போட்டார்கள். தேங்காய் உடைத்தார்கள், ஒரு சில்லு ஓட்டை வழியாகப் போய் இயக்குநரின் டெலிபோனில் பட்டு, அது ஒரு முறை கிணுங்கியது. சகுனம் நல்லது என்றார் மெருகுப் பிரிவுக்காரர்.

குழுவில் ஆறு பேர். உலோகம் தெரிந்த மூவர் கீழே உட்கார்ந்து காலை மட்டும் பார்ப்பது, மற்ற மூவர் மேலே உட்கார்ந்து ஆளைப் பார்ப்பது என்று முடிவாகியிருந்தது. ஒருவர் வேலையில் மற்றவர் தலையிடக்கூடாது. நடுவில் செய்தி கொண்டுபோக அட்டெண்டர் பழனி.

மயில்வாகனம் ஓட்டை விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டார். காற்று சில்லென்று பட்டது. இருபத்தைந்து வருஷமாகக் குழிக்குள் கால் விட்டவர்தான். ஆனால் குழியின் அடியிலிருந்து ஒருவர் இருமுவதை இப்போதுதான் கேட்டார்.

"ஆரம்பிக்கலாம்" என்றது மேல்தளம்.

மிதித்தார். ஆறாவது உடனே பேசியது. தில்லையம்மாள் கரைக்கு நாடா எறிந்தாள். மறுபடி மிதித்தார். முப்பதாவது மிதியில் நெற்றி வியர்த்தது. அறுபதாவதில் உதட்டைக் கடித்தார். எண்பதில் கண்ணிலிருந்து தண்ணீர் தானாக வடிந்தது. நெய்யும் துணியில் விழாமல் தோளில் துடைத்துக்கொண்டார், அது கைப்பழக்கம்.

"நிறுத்திடுங்க" என்றாள் தில்லையம்மாள் மெல்ல.

"இதுக்குத்தான்மா அஞ்சு மாசம் நடந்தோம்."

மேலே இருந்தவர்கள் எழுதினார்கள்: 'முகத்தில் வலி காணப்படுகிறது. ஆனால் தொடையைப் பார்க்க வசதியில்லை.' பழனி தாளை எடுத்துக்கொண்டு கீழே ஓடினான். கீழே இருந்தவர்கள் எழுதினார்கள்: 'கால் நன்றாக அசைகிறது. காலில் முகம் இல்லாததால் வலி காணப்படவில்லை.' பழனி மேலே ஓடினான். நூற்றைம்பதாவது மிதிக்குள் இரண்டும் சேர்ந்து ஒரு தீர்மானம் ஆகிவிட்டது. காலுக்கு ஒரு குறையும் இல்லை. ஆள் வேண்டுமானால் தம்மை வேறு எங்காவது காட்டிக்கொள்ளலாம்.

கீழே இயக்குநர் எழுந்து நின்று முடிவுரை தொடங்கினார். ஓட்டை வழியாக ஒவ்வொரு சொல்லும் மேலே வந்தது.

"இன்று ஒரு பெரிய உண்மை நிரூபணமாகியிருக்கிறது. மனிதன் அழலாம், வியர்க்கலாம், புகார் எழுதலாம். ஆனால் உலோகம் தன் கடமையிலிருந்து தளரவில்லை. காஞ்சி-4 இதுவரை தளர்ந்ததில்லை. இனியும்…"

யாரும் நிறுத்தச் சொல்லாததால் மயில்வாகனம் மிதித்துக்கொண்டேயிருந்தார். அடுத்த மிதியில் ஆறாவது அலறியது. பிறகு, இத்தனை மாதத்தில் முதல்முறையாக, சட்டென்று அடங்கியது.

'டிக்' என்று கீழே ஒரு சத்தம்.

இயக்குநர் குனிந்து பார்த்தார். திறந்து வைத்திருந்த கோப்பின்மேல் ஒரு திருகாணி கிடந்தது. முக்கால் அங்குலம். பளபளவென்று இருந்தது. பக்கத்தில் ஒரு சொட்டு ரத்தம், முத்திரை வைத்த மாதிரி.

மேலே தில்லையம்மாள் தன் முந்தானையைக் கிழித்துக் கணவரின் காலைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டி முடித்ததும் அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு படியிறங்கி இயக்குநர் அறைக்குள் வந்து நின்றாள்.

"இது யாருடையது?" என்றார் இயக்குநர், திருகாணியைப் பென்சிலால் சுட்டி.

"ஒங்களுது சார்."

"எங்களுடையதாக இருக்க முடியாது. காஞ்சி-4 தளராது என்று இப்போதுதான் தீர்மானம் எழுதினோம். இது தளர்ந்திருக்கிறது. ஆகவே இது காஞ்சி-4 இல்லை." சொல்லச் சொல்ல அவர் குரலில் தெம்பு ஏறியது. "மேல்தளத்திலிருந்து விழுந்திருக்கிறது. கட்டடச் சாமானாக இருக்கும்."

கதவோரம் நின்ற ஓவர்சியர் பதறினார். "சார், நாங்க ரெண்டங்குல ஆணிதான் அடிக்கிறது. இதுல மூணு மூலை இருக்குது."

"அப்படியானால் இவருடைய சொந்தத் திருகாணி."

தில்லையம்மாள் வாயைத் திறந்தாள். கத்தப்போகிறாள் என்று மயில்வாகனம் கண்ணை மூடிக்கொண்டார். அவள் கத்தவில்லை.

"அப்ப அதையே எழுதிக் குடுத்துடுங்க சார்" என்றாள். "இது ஒங்களுது இல்லன்னு. சீலு போட்டு."

தங்களுடையது இல்லை என்று எழுதுவது மையத்துக்குக் கைவந்த கலை. கடிதம் பத்து நிமிஷத்தில் டைப் ஆகிவிட்டது. அப்போது மூலையிலிருந்து ஒரு தொண்டை கனைக்கும் சத்தம். துரு சம்பந்தம்.

"சார், ஒரு சின்ன விஷயம். ஒரே எலும்புல ரெண்டு உலோகம் சேந்து இருந்தா ஒண்ணையொண்ணு அரிச்சுத் துரு கிளம்பும். அதுதான் நம்ம மையத்தோட முதல் விதி. இந்த ஆளுக்குத் துரு இல்லைன்னு நானே பதினோரு தடவை படிவம் போட்டிருக்கேன்."

"அதனால்?"

"அதனால இவர் காலுக்குள்ள எல்லாம் ஒரே உலோகம்தான் சார். இந்தத் திருகாணி நம்மளுது இல்லைன்னா, மீதி ஏழும் நம்மளுது இல்லை. தகடும் இல்லை." சம்பந்தம் மயில்வாகனத்தின் பக்கம் திரும்பவே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இல்லைன்னா துரு பிரிவு பொய் எழுதினதா ஆயிடும்."

இயக்குநர் யோசித்தார். ஒரு பிரிவு பொய் எழுதியது என்றால் மற்றப் பிரிவுகளையும் யாராவது படித்துப் பார்ப்பார்கள்.

"சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றார்.

மேற்படி நபரின் காலில் உள்ள எந்த உலோகமும் மையத்தைச் சேர்ந்ததல்ல என்று கீழே ஒரு வரி சேர்ந்தது. முத்திரை விழுந்தது. திருகாணியைத் தம் பொறுப்பில் வைக்க மையத்துக்கு அதிகாரமில்லை என்பதால் அதையும் ஒரு பழுப்பு உறையில் போட்டு அவர்களிடமே திருப்பிக் கொடுத்தார்கள். அரைநிஜாரை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

வாசலில் தில்லையம்மாள் ஒரு நிமிஷம் நின்று, கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தாள்.

"நீ தூங்குமா" என்றாள் திருப்புளியிடம்.

நேரே துரைக்கண்ணு பட்டறைக்குப் போனார்கள். நாடாவுக்கு முனை போடுவதும் தறிச் சாமான் ராவுவதும் துரைக்கண்ணுவின் தொழில். உறையைக் கொட்டித் திருகாணியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். தலைப் பள்ளத்தில் மெழுகை அமுக்கி அச்சு எடுத்தான். தேய்ந்துபோன பழைய அரம் ஒன்றின் வாலைக் கல்லில் பிடித்துத் தீட்டினான். இரண்டு டீ குடிக்கும் நேரம். மூன்று மூலையும் பள்ளத்தில் போய்க் கச்சென்று உட்கார்ந்தது.

"இன்னா மாமா, இதுக்கா அஞ்சு மாசம் நடந்த?"

"தலைய பாக்காம எப்டிடா பண்ணுவே?"

"அதுவும் சரிதான்" என்றான் துரைக்கண்ணு. "எலும்புக்குள்ள இருந்தா நான் எங்கேருந்து பாக்கறது?"

டாக்டர் உமாபதி கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"யாருக்கும் சொந்தமில்லாத உலோகம். அப்ப எடுத்துட வேண்டியதுதான். எங்க அந்தத் திருப்புளி?"

துரைக்கண்ணுவின் அரத்தை அரை மணி நேரம் வேகவைத்தார்கள். பிறகு நாற்பது நிமிஷம். ஏழு திருகாணிகளும் முணுமுணுக்காமல் வந்தன. தகட்டைக் கழுவி ஒரு காகிதத்தில் சுற்றி, "ஞாபகத்துக்கு வச்சுக்கங்க முதலியாரே" என்று கொடுத்தார்.

தை பிறந்தது. முதலாளி பாவை எடுக்கவில்லை. மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை, முகூர்த்தப் புடவை தறியில் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்தாவது முழத்தில் இருந்தபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சம்பந்தம், கையில் அதே படிவத்தோடு.

"வருஷாந்தரப் பரிசோதனைங்க" என்றார் தயங்கித் தயங்கி. "உங்களுக்குக் குடுத்த கடிதம் வெளியே போற பதிவேட்டுல இருக்குது. சோதனைக் கோப்பு வேற பீரோவுல. அது ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாத்தது இல்ல. எழுபத்துநாலு வரைக்கும் நான் வந்துதான் ஆகணும்."

"அதனால இன்னா சார், வாங்க. உக்காருங்க" என்றார் மயில்வாகனம்.

தில்லையம்மாள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். சம்பந்தம் குடித்துவிட்டு, குழிக்குள் குனிந்து மயில்வாகனத்தின் காலைப் பார்த்தார். தொடையில் கோடு போட்ட மாதிரி ஒரு தழும்பு. அதற்குக் கீழே, மிதிகட்டைக் கயிறுகள் எல்லாம் சேருமிடத்தில், எட்டு ஓட்டை போட்ட ஒரு தகடு. ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு கயிறு கோத்து முடிச்சிட்டிருந்தது. முன்பெல்லாம் சிக்கிக்கொள்ளும் கயிறு, இப்போது சிக்குவதில்லை.

அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு கையை நீட்டி, விரலால் தகட்டை ஒரு தடவு தடவி, விரலைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். அவர் முகத்தில் ஏமாற்றமா நிம்மதியா என்று சொல்ல முடியவில்லை.

"துரு இருக்குதா சார்?" என்று கேட்டார் மயில்வாகனம்.

"இல்லை" என்று எழுதிக்கொண்டு சம்பந்தம் எழுந்தார். அந்த ஒரு விஷயத்தில் மையம் சொன்னது உண்மைதான்.

அவர் போனபின் மயில்வாகனம் மிதித்தார். கயிறுகள் இறங்கின, விழுது ஏறியது, தில்லையம்மாளின் நாடா கரைக்குள் பாய்ந்தது. எட்டு ஓட்டைகளில் ஆறாவதும் ஒரு வார்த்தை பேசவில்லை.